சென்சர் இன்டரப்ட்: ஹாண்ட்லருக்குள் எவ்வளவு வேலை செய்யலாம்?

8 ஒக்டோபர் 2024, கிளிநொச்சி வாசகரின் கேள்வி

அண்ணைமார், ஒரு குளத்துக்கு நீர்மட்டமும் மழையும் அளக்கும் பெட்டி செய்கிறோம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, லினக்ஸ். தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த சென்சரை அளவை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப் வழியாக, ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பில் படிக்கிறேன். மட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் சிப்பின் அலர்ட் பின் கீழே இறங்கும். அந்தப் பின்னுக்கு இன்டரப்ட் (ப்ரொசெசரை இடைமறித்து அழைக்கும் சைகை) போட்டு, அது வந்ததும் ஓடும் ஹாண்ட்லருக்குள்ளேயே ஐ2சி-யைப் படித்தேன். ‘ஸ்கெடியூலிங் வைல் அட்டாமிக்’ என்று அச்சடித்துவிட்டு பை உறைந்துபோனது. என் முடிவு: இன்டரப்டை நம்ப முடியாது. பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் போலிங் செய்வதுதான், அதாவது நாமே போய்ப் படித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

8 ஒக்டோபர், இரவு, பதில்

மறுக்கிறேன். பையை உறைய வைத்தது ஹாண்ட்லருக்குள் வைத்த ஐ2சி.

கணக்குப் பாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் அந்தச் சிப்பின் 16 பிட் அளவைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, பிறகு இரண்டு பைட் தரவு என ஐந்து பைட் போய்வர வேண்டும். ஒப்புதல் பிட்டோடு சேர்த்து பைட்டுக்கு 9 பிட். மொத்தம் 45 பிட், கிட்டத்தட்ட அரை மில்லிசெகண்ட். அவ்வளவு நேரமும் ப்ரொசெசர் காத்து நிற்பதில்லை. ஐ2சி டிரைவர் வேலையை ஹார்ட்வெயாரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். பைட்டுகள் போய் முடிந்ததும் ஐ2சி கன்ட்ரோலர் தன் சொந்த இன்டரப்டால் அதை எழுப்பும். நீங்களோ ஏற்கனவே ஓர் இன்டரப்டுக்குள் நிற்கிறீர்கள். அங்கே தூங்க அனுமதி இல்லை. ஹாண்ட்லர் தனக்கென்று ஒரு ப்ராசெஸ் இல்லாமல், அந்த நேரம் அகப்பட்ட ஏதோ ஒன்றின் முதுகில் ஏறி ஓடுகிறது. அது தூங்கினால், எது எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஸ்கெடியூலர் எதை நிறுத்துவது, எதைப் பிறகு எழுப்புவது?

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்டரப்ட் வந்த கணத்தில் ஓடும் மேல்பாதி, சாவகாசமாக ஓடும் கீழ்பாதி. லினக்ஸில் இதற்கு இப்போது நேரான வழி த்ரெட் இன்டரப்ட். தோமஸ் க்ளைக்ஸ்னர் எழுதியது, 2009-இல் லினக்ஸின் உட்கருவான கேர்னலின் 2.6.30 பதிப்பில் சேர்ந்தது. மேல்பாதி ‘த்ரெட்டை எழுப்பு’ என்று விடை சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும். கீழ்பாதி ஒரு கேர்னல் த்ரெட்டாக ஓடும். அங்கே தூங்கலாம், மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடிக்கலாம், ஐ2சி படிக்கலாம்.

மேல்பாதியில் எதைச் செய்வது என்று முடிவெடுக்க நான் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையைப் பிறகு செய்தால் ஏதாவது தொலைந்துபோகுமா? பெரும்பாலும் நேரம் மட்டுமே தொலையும். அதை மட்டும் அங்கே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கீழே.

9 ஒக்டோபர், காலை

இரவு எழுதாமல் விட்டது ஒன்று. மேல்பாதியே வேண்டாம் என்று வெறுமையாக விட்டு, கீழ்பாதியை மட்டும் கொடுத்தால், ‘ஒன்ஷாட்’ ஃபிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கேர்னல் பெரும்பாலும் ‘செல்லாத மதிப்பு’ என்ற பிழையோடு பதிவையே மறுத்துவிடும். அலர்ட் கம்பி கீழே இறங்கியபடியே இருக்கிறது, அதை மேலே ஏற்றும் ஐ2சி வேலை இன்னும் த்ரெட்டில் தொடங்கவில்லை, இதற்கிடையில் இன்டரப்டைத் திறந்துவிட்டால் அது உடனே மறுபடி வரும். த்ரெட்டுக்கு ஓட இடமே கிடைக்காது. ஒன்ஷாட் போட்டால் த்ரெட் முடியும்வரை அந்தக் கம்பி மூடியே இருக்கும்.

12 ஒக்டோபர்

‘ஃபோலிங் எட்ஜ் போட்டால் ஒன்ஷாட் தொல்லை இல்லையே, ஏன் லெவல்?’ என்று கேட்கிறார் முதல் கேள்வி கேட்ட கிளிநொச்சித் தம்பி. இதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும். களத்தில் நான் அதிகம் பார்த்த பழுது இங்கேதான்.

எட்ஜ் என்பது மாற்றத்தைப் பிடிப்பது. மாறிய கணத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது உங்களுக்குக் கிடைக்கும். மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்னக் குளத்தில், கமக்கார அமைப்பு ஒன்றுக்காக நான் பராமரிக்கும் பெட்டி இருக்கிறது. அதில் சென்சருக்கும் சிப்புக்கும் ஒரு பற்றரி, பைக்கு வேறொரு பற்றரி. மூன்று நாள் தொடர்ந்து முகில் மூடினால் பையின் பற்றரி முதலில் விழும். வெயில் வந்ததும் பை தானாக எழும். அது படுத்திருந்த நேரத்தில் தண்ணீர் எல்லையைத் தாண்டி, அலர்ட் கம்பி ஏற்கனவே கீழே இறங்கியிருந்தது. பை எழுந்து டிரைவர் ஏறும்போது கம்பி கீழே, ஏறிய பிறகும் கீழே. இறங்கும் கணம் ஒன்று இனி வரப்போவதில்லை. சிப்பில் லாட்ச் வேறு போட்டிருந்ததால், யாராவது அளவைப் படிக்கும்வரை கம்பி மேலேறாது. படிக்கவேண்டியவரோ இன்டரப்டுக்காகக் காத்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, லாக்கில் ஒரு பிழைகூட இல்லாமல், குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்த எட்ஜ் அமைப்பு ஓர் ஆயத்தக் கோப்போடு வந்தது. அதை லெவல் லோ என்று மாற்றியதும் டிரைவர் ஏறிய கணத்திலேயே இன்டரப்ட் வந்தது.

லெவல் என்பது நிலையைப் பிடிப்பது. கம்பி கீழே இருக்கும்வரை ‘இன்னும் வேலை இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சர் தன் செய்தியைப் படிக்கும்வரை கம்பியைப் பிடித்து வைத்திருக்கும் வகையானால் லெவல்தான் சரி. ஒரே கம்பியை இரண்டு மூன்று சிப்புகள் பகிர்ந்தாலும் லெவல்தான். எட்ஜ் போட்டால், முதலாவது சிப் பிடித்திருக்கும்போது இரண்டாவது சிப்பும் பிடித்தது வெளியே தெரியாது.

எட்ஜை விடவே முடியாத நிலை வந்தால், டிரைவரைப் பதிவு செய்தவுடன் ஒருதடவை கையால் நிலையைப் படித்துத் துடைத்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாத எட்ஜ் டிரைவரை நான் பெட்டிக்குள் வைக்கமாட்டேன்.

13 ஒக்டோபர்

நேற்று எழுதியதை வாசித்த பிறகு, தம்பியின் முதல் கேள்விக்குத் திரும்பிப் போனேன். போலிங் என்று அவர் சொன்னதில் பாதி சரி.

குளத்தின் நீர்மட்டம் பத்து மில்லிசெகண்டில் மாறாது. இரணைமடுப் பெருங்குளத்தின் 36 அடியை விடுங்கள், எங்கள் சின்னக் குளமே அடைமழையிலும் மெதுவாகத்தான் ஏறும். சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படித்தால் தாராளம். பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை என்றால் ப்ரொசெசருக்கு ஓய்வே கிடையாது, சோலார் தட்டு கொடுப்பதை அது தின்றுவிடும். மட்டத்தைப் பதிவு செய்ய மெதுவான போலிங், வான் மட்டத்துக்கு (குளம் நிரம்பி வழியும் மட்டம்) கிட்ட வந்துவிட்டது என்று எழுப்ப இன்டரப்ட். இரண்டும் வேண்டும். இன்டரப்ட் ஒருநாள் செத்துப்போனாலும் பத்து நிமிடத்துக்குள் உண்மை தெரிந்துவிடும். நேற்றுச் சொன்ன பழுதுக்கும் இது மருந்து.

20 ஒக்டோபர்

மழைமானி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஐப்பசி இடிமழை தொடங்கிவிட்டது, ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

சரியும் வாளி மழைமானியில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தடவை வாளி கவிழும். கவிழும்போது காந்தம் ஒன்று ரீட் சுவிட்சைக் கடக்கும், தொடுப்பு ஒருமுறை மூடித் திறக்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற பேய்மழையில்கூட மணிக்கு 500 கவிழ்ப்புத்தான், அதாவது 7.2 செகண்டுக்கு ஒன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செகண்டுக்குள் ஐந்து இன்டரப்ட் வந்தால் அது மழையாக இருக்க வழியில்லை.

ஒன்று, தொடுப்பின் துள்ளல். ரீட் சுவிட்ச் மூடும்போது சுத்தமாக மூடாது, ஓரிரு மில்லிசெகண்ட் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஓர் இன்டரப்ட். ஹாண்ட்லருக்குள் தூங்கிக் காத்திருந்து இதைச் சரிசெய்யப் பார்க்கவேண்டாம். ஒரு டைமரைத் தொடக்கிவிட்டு வெளியே வாருங்கள், டைமர் முடிந்தபோதும் கம்பி அதே நிலையில் இருந்தால் எண்ணுங்கள். நீங்களே எழுதவும் தேவையில்லை. 2020 டிசம்பரில் வந்த 5.10 கேர்னல் முதல், பின்களைப் படிக்க உதவும் ஜிபிஐஓ கேரக்டர் டிவைஸின் இரண்டாம் பதிப்பில் டிபவுன்ஸ் (துள்ளலைத் தவிர்க்கும்) காலத்தைக் கொடுத்தாலே கேர்னல் பார்த்துக்கொள்ளும். நான் 20 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறேன். நேரமுத்திரை அவ்வளவு பிந்தி விழும், மழைக்கு அது ஒரு பொருட்டில்லை.

இரண்டு, மின்னல். எங்கள் மழைமானி குளக்கட்டில் திறந்த வெளியில் நிற்கிறது, பெட்டி துருசடி அறைக்குள். இடையில் நீளமான கம்பி. கம்பியை மேலே இழுத்து வைக்கும் தடைக்குப் பெயர் புல்அப். பையின் உள் புல்அப் கிட்டத்தட்ட 50 கிலோ ஓம். அவ்வளவு பலவீனமான புல்அப்போடு நீளக் கம்பி கட்டினால் அது அன்ரெனாதான். தூரத்தில் மின்னினாலே ஒரு பொய்க் கவிழ்ப்பு விழும். இடி முழங்கிய ஒரு பின்னேரம், ஒரு துளி விழாமலேயே பதிவில் நல்ல மழை இருந்தது.

அதே கம்பியில் இன்னொன்று. இணைப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, ஈர மண், அதன் நடுவே இரண்டு முனையும். ஈர மண்ணின் கசிவுத் தடை சில பத்துக் கிலோ ஓம் இருந்தால் போதும், 50 கிலோ ஓம் புல்அப் தோற்றுவிடும். கம்பி மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் தத்தளிக்கும். வெளியே 4.7 கிலோ ஓம் புல்அப், பின்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆர்சி வடிகட்டி, முடிந்தால் கம்பியையும் பையையும் ஒளியால் மட்டும் இணைக்கும் ஒப்டோ கப்ளர். பெட்டியின் கம்பித் துளைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். டிரைவரில் எந்த வரியும் இதற்கு ஈடாகாது.

ஏடிஎஸ்1115-இன் அலர்ட் பின்னும் ஓப்பன் டிரெய்ன் வகை, கீழே மட்டும்தான் இழுக்கும். அதற்கும் புல்அப் வேண்டும், மறவாதீர்கள்.

21 ஒக்டோபர்

‘நோபடி கேர்ட்’ (யாரும் கவனிக்கவில்லை) என்று லாக்கில் வந்து இன்டரப்ட் நின்றுவிட்டது என்பவருக்கு: கேர்னல் 100,000 இன்டரப்டுகளை ஒரு கட்டாக எண்ணும். அவற்றில் 99,900-க்கு மேல் ‘என்னுடையதல்ல’ என்று ஹாண்ட்லர் கைவிரித்தால் அந்த வழியையே மூடிவிடும். பகிர்ந்த கம்பியில் உங்கள் சிப்பின் நிலைப் பதிவகத்தைப் பார்த்து, உண்மையிலேயே உங்களுடையதா என்று சொல்லுங்கள். லாக்கில் வராமலிருக்க எல்லாவற்றையும் ‘என்னுடையது’ என்று பொய் சொன்னால், இன்டரப்ட் புயலில் ப்ரொசெசரைக் காப்பாற்றும் ஒரே காவலையும் கழற்றிவிடுகிறீர்கள்.

3 நவம்பர்

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி, அழுத்த சென்சர் விலை அதிகம், அல்ட்ராசொனிக் போடலாமா என்று கேட்கிறார். போடலாம். இன்டரப்டை ஏன் நேரத்துக்காகப் பிடிக்கவேண்டும் என்பதற்கும் இது நல்ல பாடம்.

சென்சர் ஒலியை அனுப்பும்போது எக்கோ பின் மேலேறும், திரும்பி வந்ததும் இறங்கும். இடைப்பட்ட நேரம்தான் தூரம். போய்வர ஒரு சென்ரிமீட்டருக்கு 58 மைக்ரோசெகண்ட். ஏறுவதைச் சரியாகப் பிடித்து, இறங்குவதை ஒரு மில்லிசெகண்ட் பிந்திப் பிடித்தால் 17 சென்ரிமீட்டர் பிழை. பைதனில் எழுதிய போலிங் இப்படித்தான் தடுமாறுகிறது. கேர்னலில் சென்சர்களுக்கான ஐஐஓ பிரிவில் இதற்கு எஸ்ஆர்எஃப்04 என்ற டிரைவர் இருக்கிறது. அதன் ஹாண்ட்லரைத் திறந்து பாருங்கள். முதல் வேலை நேரத்தை எடுப்பது. பிறகு பின் மேலேயா கீழேயா என்று பார்த்து, ஏறிய நேரம் அல்லது இறங்கிய நேரம் என்று வைத்துவிட்டு, காத்திருப்பவரை எழுப்பிவிட்டு வெளியே வருகிறது. கழித்தலும் வகுத்தலும் வெளியே. வடிவான ஹாண்ட்லர் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 20 பாகை செல்சியஸில் ஒலி செகண்டுக்கு 343 மீட்டர், எங்கள் 34 பாகையில் கிட்டத்தட்ட 352. நான்கு மீட்டரில் பத்து சென்ரிமீட்டர் வித்தியாசம். பக்கத்தில் ஒரு வெப்பநிலை சென்சர் வையுங்கள்.

4 நவம்பர்

வெப்பநிலைக்கு டிஎச்டி11 சென்சர் போதுமா? மேசையில் போதும். அது ஒரு வாசிப்புக்கு எண்பதுக்கு மேற்பட்ட எட்ஜ்களை அனுப்பும். பிட் பூச்சியம் என்றால் கம்பி 26 முதல் 28 மைக்ரோசெகண்ட் மேலே நிற்கும், ஒன்று என்றால் 70. அந்த வித்தியாசத்தை இன்டரப்ட் நேரத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும், வேறு வேலை குறுக்கிட்டால் வாசிப்புக் கெட்டுவிடும். ஐ2சி-யில் பேசும் சென்சர் வாங்குங்கள்.

18 நவம்பர்

6.12 கேர்னல் நேற்று வந்துவிட்டது. அவசர வேலையைக் குறித்த நேரத்துக்குள் ஓடவைக்கும் ரியல்டைம் தெரிவு இப்போது மெயின்லைன் எனும் பிரதான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பல வருட உழைப்பு, மகிழ்ச்சி. ‘அதைப் போட்டால் எல்லா இன்டரப்டும் நேரத்துக்கு வரும்’ என்று ஒருவர் எழுதியிருப்பதால் 3-ஆம் திகதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம் சேர்க்கவேண்டும்.

ரியல்டைம் கேர்னல் ஹாண்ட்லர்களைக் கட்டாயமாக த்ரெட்டுக்குள் தள்ளும். எட்ஜ் ஃபிளாக் மட்டும் கொடுத்துப் பதிவான ஹாண்ட்லரும் அப்படியே த்ரெட்டாகிவிடும். அப்போது ‘முதல் வேலை நேரத்தை எடுப்பது’ என்ற வரி ஓடுவதே த்ரெட் எழுந்த பிறகுதான். அந்த த்ரெட் சாதாரண நிரல்களை முந்தும் ஃபிஃபோ வகையில் 50 முன்னுரிமையோடு ஓடும், ஆகவே மோசமில்லை. என்றாலும் இன்டரப்ட் வந்த கணம் அல்ல. ஒன்ஷாட் ஃபிளாக்கோடு மேல்பாதி, கீழ்பாதி இரண்டையும் நீங்களே பிரித்துக் கொடுத்திருந்தால், கேர்னல் மேல்பாதியை நகர்த்தாது. உங்கள் நேரமுத்திரை அங்கேயே நிற்கும். நேரம் முக்கியமான சென்சருக்கு ரியல்டைமில் நான் அப்படித்தான் எழுதுவேன்.

மேல்பாதியில் சாதாரண ஸ்பின்லொக்கும் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடிக்காதீர்கள். ரியல்டைமில் அது தூங்கும் வகையாக மாறிவிடும், உண்மையான இன்டரப்டுக்குள் பிடிக்க ரோ ஸ்பின்லொக் வேண்டும்.

1 டிசம்பர்

தாழமுக்கம் கடந்துவிட்டது. பிறகு அது பெங்கல் என்று பெயர் பெற்று தமிழ்நாட்டுப் பக்கம் போனது. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்த மழை. பெட்டிக்குப் போக இன்றுதான் பாதை விட்டது. பெட்டி உயிரோடு இருக்கிறது.

பதிவைப் பார்த்தேன். மழை உச்சத்தில் நின்ற இரவில் மொபைல் இணைப்பு போய்விட்டது. தரவை மேலே அனுப்பும் நிரல் நெட்வேர்க்குக்காகக் காத்து நின்றது. அதே நிரல்தான் மழைமானி நிகழ்வுகளையும் வாசிக்கிறது. அது நின்ற நேரத்தில் கேர்னல் நிகழ்வுகளைத் தன் வரிசையில் சேர்த்து வைத்தது. ஒரு கம்பிக்கு அந்த வரிசையின் இயல்பான நீளம் 16. மேலே சொன்ன 7.2 செகண்டால் பெருக்குங்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்கு மேல் வந்தால் பழையது வெளியே தள்ளப்படும்.

மழையின் மொத்தக் கணக்கு அப்படியும் தப்பியது. இரண்டாம் பதிப்பு நிகழ்வு ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. தள்ளப்பட்ட நிகழ்வுக்கும் எண் போட்டாயிற்று. ஆகவே 412-க்கு அடுத்து 444 வந்தால் நடுவில் 31 கவிழ்ப்புத் தொலைந்தது, 6.2 மில்லிமீட்டர். எந்த நிமிடத்தில் விழுந்தது என்பது போய்விட்டது, எவ்வளவு விழுந்தது என்பது போகவில்லை. இந்த எண்ணை வாசிக்காமல் வந்த நிகழ்வுகளை மட்டும் கூட்டும் நிரல்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவற்றில் உச்ச மழை குறைவாகக் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற பிறகு, எத்தனை மணிக்கு எவ்வளவு பெய்தது என்று எங்கள் ஊரில் கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்விக்குக் கொடுக்கும் எண்ணில் ஓட்டை இருந்தால், ஓட்டை எங்கே என்றாவது எழுதியிருக்க வேண்டும்.

இன்று செய்தது: வாசிக்கும் நிரலையும் அனுப்பும் நிரலையும் பிரித்தேன். வாசிப்பது கோப்பில் எழுதுவதோடு சரி. வரிசை நீளத்தை 1024-க்கு ஏற்றினேன், கேர்னல் விடும் உச்சம் அது. அதே மழைக்கு இரண்டு மணித்தியாலம் தாங்கும்.

3 டிசம்பர்

நீர்மட்டத்தின் ஐஐஓ நிகழ்வுகளுக்கும் இதே கதையா? அங்கும் வரிசை 16. ஆனால் நிறைந்தால் புதியது விழும், வரிசை எண்ணும் கிடையாது. எல்லை தாண்டும் நிகழ்வு அபூர்வம் என்பதால் நான் கவலைப்படவில்லை. அலை அடித்து மட்டம் எல்லையில் ஏறி இறங்கினால் கெதியாக நிறைந்துவிடும், ஆகவே காற்றில்லாத குழாய்க்குள் சென்சரை இறக்குங்கள். இன்னொன்று, அந்த நிகழ்வுக் கைப்பிடியை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்கலாம். இரண்டாவதுக்கு ‘வேலையில் இருக்கிறது’ என்று பதில் வரும். அது பழுதில்லை.

7 டிசம்பர்

தம்பி புதிய டிரைவரை அனுப்பியிருக்கிறார். நல்ல வேலை: லெவல் லோ, ஒன்ஷாட், ஐ2சி முழுவதும் த்ரெட்டில், பதிவு செய்தவுடன் ஒரு வாசிப்பு. ஒரே இடம்தான் மாற்றவேண்டும். த்ரெட்டுக்குள்ளிருந்து அதே இன்டரப்டை ‘டிஸேபிள்’ செய்கிறீர்கள். அந்த அழைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் ஹாண்ட்லரும் அதன் த்ரெட்டும் முடியும்வரை காத்திருக்கும். முடியவேண்டியது நீங்களேதான், ஆகவே அங்கேயே பூட்டிக்கொள்வீர்கள். காத்திருக்காத ‘நோசிங்க்’ வகையைப் போடுங்கள். மாற்றிய பிறகு சென்சரை வாளித் தண்ணீரில் இறக்கி ஏற்றி, /ப்ரொக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த வரியின் எண்ணிக்கை ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒன்றே ஒன்று ஏறுகிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் ஏறினால் முதலில் புல்அப்பைப் பாருங்கள்.